கண்ணுக்குள் ஓர் ஒளிமானி: மெலனாப்சின் என்ன செய்கிறது?

பள்ளிப் பாடத்தில் பார்த்த கண்ணின் படம் பலருக்கு நினைவிருக்கும். முன்னால் லென்ஸ், பின்னால் விழித்திரை, விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல் செல்கள். ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். ஏறத்தாழ 60 லட்சம். ஒளியை உணர்பவை இவை இரண்டு மட்டுமே, விழித்திரையின் மற்ற செல்களெல்லாம் செய்தியைக் கடத்தும் கம்பிகள்தான் என்று 1990கள் வரை பாடநூல்கள் எழுதின.

அந்தக் கணக்கில் சில ஆயிரம் செல்கள் விடுபட்டுவிட்டன. அவை உருவம் எதையும் காட்டுவதில்லை. எழுத்து படிக்கவோ முகம் அடையாளம் காணவோ அவற்றால் அதிகம் பயனில்லை. ஆனால் இரவு எத்தனை மணிக்குத் தூக்கம் சொக்கும், விடியற்காலையில் உடல் வெப்பம் எப்போது ஏறத் தொடங்கும், வெயிலில் கண்பாவை எவ்வளவு நேரம் சுருங்கியே இருக்கும் என்பவற்றில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் செல்களுக்குள் இருக்கும் ஒளியுணர் புரதத்தின் பெயர் மெலனாப்சின்.

ஒரு புரதம் எப்படி ஒளியை உணர்கிறது?

கண்ணில் உள்ள ஒளியுணர் புரதங்கள் எல்லாம் ஆப்சின் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோல் செல்லில் இருப்பது ரோடாப்சின். கூம்பு செல்களில் மூன்று வகை ஆப்சின்கள். மெலனாப்சின் இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை. எல்லாவற்றுக்கும் அடிப்படை வடிவம் ஒன்றுதான்: செல்லின் மேல்சவ்வை ஏழு தடவை குறுக்காகத் துளைத்துச் செல்லும் ஒரு நீண்ட புரதச் சங்கிலி, அதன் நடுவே ஒரு சிறு குழி. அந்தக் குழிக்குள் ரெட்டினால் என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். ரெட்டினால் வைட்டமின் ஏயிலிருந்து கிடைப்பது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். புரதம் இருந்தும் குழி காலியாகக் கிடக்கும்.

ஒளியைப் பிடிப்பது உண்மையில் ரெட்டினால்தான். இருட்டில் அது வளைந்த வடிவத்தில் இருக்கும். ஒரே ஓர் ஒளித்துகள் வந்து மோதினாலும் நேராக நிமிர்ந்துவிடும். இந்த நிமிர்தலுக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறு குழிக்குள் ஒரு மூலக்கூறு திடீரென்று நீண்டால் சுற்றியுள்ள புரதம் நெளிந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நெளிவுதான் செல்லுக்குள் போகும் முதல் செய்தி. அதற்கு அப்பால் நடப்பதெல்லாம் வேதிவினைகள். ஒளியின் வேலை அந்த ஒரு நிமிர்தலோடு முடிந்துவிடுகிறது.

ரெட்டினாலைத் தனியாக ஒரு கரைசலில் வைத்தால் அது 380 நானோமீட்டர் அலைநீளம் வாக்கில், கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை ஒட்டிய ஒளியை உறிஞ்சும். எந்த நிறத்துக்கு அது சிலிர்க்க வேண்டும் என்பதைச் சுற்றியுள்ள புரதமே தீர்மானிக்கிறது. மனிதக் கண்ணில் நீலக் கூம்புக்கு உச்சம் ஏறத்தாழ 420 நானோமீட்டர், பச்சைக் கூம்புக்கு 530, சிவப்புக் கூம்புக்கு 560, ரோடாப்சினுக்கு 498. மெலனாப்சினுக்கு உச்சம் ஏறத்தாழ 480. தெளிந்த வானத்தின் நீலம், இலேசாகப் பச்சை பக்கம் சாய்ந்தது. உச்சம் என்றால் அதற்கு வெளியே எதுவும் உணராது என்று பொருளல்ல. இருபுறமும் சரிந்து இறங்கும் ஒரு மேடு அது. 550இல் உணர்வு வெகுவாகக் குறைந்திருக்கும், 620க்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது.

ஒரே குடும்பம், எதிரெதிர் நடத்தை

இங்கேதான் மெலனாப்சின் சுவாரசியமாகிறது. கோல் செல்லில் ரோடாப்சின் நெளிந்ததும் செல்லின் மின்வாயில்கள் மூடுகின்றன. அதாவது இருட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் செல், வெளிச்சம் பட்டதும் வாயை மூடுகிறது. மூளை அந்த மௌனத்தைத்தான் வெளிச்சம் என்று படித்துக்கொள்கிறது. மெலனாப்சின் உள்ள செல்லிலோ வாயில்கள் திறக்கின்றன. வெளிச்சம் பட்டதும் செல் பேசத் தொடங்குகிறது. உள்ளே நடக்கும் வேதிவினைச் சங்கிலியும் வேறு. முதுகெலும்புள்ள உயிர்களின் கோல், கூம்பு செல்களைவிட ஈயின் கண்ணில் நடப்பதற்கே அது நெருக்கமானது. பரிணாமத்தில் மிகப் பழைய ஒரு முறை நம் விழித்திரையின் உள்ளடுக்கில் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது.

இருக்கும் இடமும் வேறு. கோலும் கூம்பும் விழித்திரையின் பின்வரிசை. மெலனாப்சின் இருப்பது முன்வரிசையில், கேங்லியன் செல்கள் என்ற அடுக்கில். இந்தச் செல்களின் நீண்ட வால்கள் சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. ஒரு கண்ணில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கேங்லியன் செல்கள் உண்டு. அவற்றில் மெலனாப்சின் உள்ளவை சில ஆயிரம் மட்டுமே. மற்ற கேங்லியன் செல்கள் பின்வரிசை சொல்வதை வாங்கி மூளைக்குக் கடத்துகின்றன. இவையும் அந்த வேலையைச் செய்கின்றன. கூடவே தாங்களே ஒளியை உணரவும் செய்கின்றன. கோலும் கூம்பும் அழிந்துபோனாலும் இவற்றால் தனித்து இயங்க முடிவது அதனால்தான்.

குணத்தில் இவை மந்தமானவை. கூம்பு செல் ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தயாராகும். மெலனாப்சின் செல், மங்கிய ஒளி என்றால் தானாகப் பதில் சொல்லத் தொடங்கவே சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். பேச ஆரம்பித்தால் விளக்கை அணைத்த பிறகும் பல வினாடிகள் பேசிக்கொண்டே இருக்கும். ஒளியைப் பிடிப்பதிலும் கஞ்சத்தனம்: கோல் செல்லின் சவ்வில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 25,000 ரோடாப்சின் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, மெலனாப்சின் செல்லில் அதே பரப்பில் மூன்றுதான் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே மங்கிய வெளிச்சம் இவற்றை எளிதில் கடந்து போய்விடும். பளிச்சென்ற ஒளி நெடுநேரம் விழ வேண்டும்.

இதைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. பகலா இரவா என்று அளக்கும் கருவிக்கு அவசரம் கூடாது. ஒரு மின்னலுக்கோ கடந்துபோகும் நிழலுக்கோ உடல் தன் நேரத்தை மாற்றிக்கொண்டால் என்ன ஆவது? நிதானமாக, கிடைத்த ஒளியையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும் அளவிதான் இந்த வேலைக்குத் தேவை. இன்னொரு வசதியும் உண்டு. ரோடாப்சின் ஒருமுறை ஒளிபட்டு வெளிறிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பக்கத்து அடுக்குச் செல்களின் உதவி வேண்டும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் போனவர் முழுப் பார்வை பெற அரைமணி நேரத்துக்கு மேல் ஆவது அதனால்தான். மெலனாப்சின் நிமிர்ந்த ரெட்டினாலை எளிதில் கைவிடுவதில்லை. அடுத்து வரும் இன்னோர் ஒளித்துகளைக் கொண்டே அதை மறுபடி வளைத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. நாள் முழுதும் வெயிலில் நின்றாலும் அது தீர்ந்துபோவதில்லை.

கண்டுபிடிக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

தடயம் 1923லேயே கிடைத்திருந்தது. க்ளைட் கீலர் என்ற ஆய்வாளர், பிறவியிலேயே கோல் செல்கள் இல்லாத எலிகளின் கண்ணில் வெளிச்சம் அடித்தபோது கண்பாவை சுருங்குவதைக் கவனித்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990களில் ரஸ்ஸல் ஃபாஸ்டர் குழுவினர் கோலும் கூம்பும் அழிந்த எலிகள் விளக்கின் நேரத்துக்கு ஏற்பத் தங்கள் ஓட்டத்தை மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். கண்ணையே எடுத்துவிட்டால் அந்தத் திறன் போய்விட்டது. அப்படியானால் கண்ணில் மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பல விழித்திரை ஆய்வாளர்கள் இதை நம்பவில்லை. 150 ஆண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் உறுப்பில் ஒரு முழு ஒளியுணர் வகையே தவறிப்போயிருக்குமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

விடை ஒரு தவளையின் தோலிலிருந்து வந்தது. ஆப்பிரிக்க நகத் தவளையின் தோலில் உள்ள நிறமிச் செல்கள் ஒளி பட்டால் கருமை மாறும். 1998இல் இக்னாசியோ ப்ராவென்சியோ குழுவினர் அந்தச் செல்களில் ஒரு புதிய ஆப்சினைக் கண்டு மெலனாப்சின் என்று பெயரிட்டார்கள். பெயரில் மெலனின் ஒலிப்பது அதனால். 2000இல் அதே புரதம் எலியின் விழித்திரையிலும் மனித விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர், எலியின் மூளையில் உடல் கடிகாரம் இருக்கும் இடத்தில் ஒளிரும் நுண்மணிகளைச் செலுத்தினார்கள். அவை நரம்பு வழியே பின்னோக்கிப் பயணித்து, விழித்திரையில் எந்தச் செல்கள் அங்கே இணைந்திருக்கின்றன என்று காட்டிக்கொடுத்தன. கோல், கூம்பு செல்களிலிருந்து வரும் தொடர்பை மருந்தால் துண்டித்த பிறகும் அந்தச் செல்கள் ஒளிக்குப் பதில் சொல்லின. அத்தோடு வாதம் முடிந்தது. அதே ஆண்டு சமர் ஹத்தார், கிங்-வாய் யாவ் ஆகியோரின் பணி, அந்தச் செல்களில் இருப்பது மெலனாப்சின்தான் என்பதையும் அவற்றின் கம்பிகள் மூளையில் எங்கெங்கே போகின்றன என்பதையும் வரைந்து காட்டியது.

கம்பிகள் போகும் இடங்கள்

முதல் இடம் உடலின் மையக் கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் அடியில் சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்ற ஒரு ஜோடி நரம்புத் திரள் உண்டு. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சில மரபணுக்கள் மாறி மாறி இயங்கி ஒரு சுற்றை முடிக்கின்றன. மனிதரில் அந்தச் சுற்று சராசரியாக 24.2 மணி நேரம். அதாவது இந்தக் கடிகாரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 12 நிமிடம் பின்தங்கும். வெளியிலிருந்து யாரும் முள்ளைத் திருப்பி வைக்காவிட்டால் பத்து நாளில் இரண்டு மணி நேரம் பிசகிவிடும். முள்ளைத் திருப்பி வைப்பது மெலனாப்சின் செல்கள் அனுப்பும் செய்தி.

கல்லீரல், சிறுநீரகம், தசை என்று கிட்டத்தட்ட எல்லா உறுப்புச் செல்களிலும் இதே போன்ற சிறு கடிகாரங்கள் உண்டு. மையக் கடிகாரம் அவற்றுக்கு நேரம் சொல்கிறது: நரம்பு வழியாக, ஹார்மோன் வழியாக, உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் வழியாக. ஹார்மோன்களில் நாம் அதிகம் கேள்விப்படுவது மெலடோனின். அதைச் சுரக்கும் பீனியல் சுரப்பி மூளையின் நடுவிலேயே இருந்தாலும் செய்தி நேராக அங்கே போவதில்லை. மையக் கடிகாரத்திலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி, கழுத்தில் உள்ள ஒரு நரம்பு முடிச்சுக்குப் போய், அங்கிருந்து மறுபடி மேலேறித் தலைக்குள் நுழைகிறது. கழுத்துத் தண்டுவடத்தில் முழு அடிபட்டவர்களுக்கு இரவு மெலடோனின் சுரப்பு நின்றுபோவது இந்தச் சுற்றுவழியால்தான். மெலடோனின் தூக்க மாத்திரை போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். அதை இரவு என்ற அறிவிப்பு என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். இரவில் திரியும் எலிக்கும் அது இரவில்தான் சுரக்கிறது, அதனால் எலி தூங்கப் போவதில்லை.

இரண்டாவது இடம் கண்பாவையைக் கட்டுப்படுத்தும் நடுமூளைப் பகுதி. திடீர் வெளிச்சத்துக்கு முதலில் சுருங்க வைப்பவை கோலும் கூம்பும். சுருங்கிய நிலையை நெடுநேரம் பிடித்து வைப்பது மெலனாப்சின். இதை வைத்து ஒரு நல்ல மருத்துவச் சோதனை இருக்கிறது. இருட்டறையில் ஒரு வினாடி பளிச்சென்ற சிவப்பு ஒளியைக் காட்டி அணைத்தால் கண்பாவை சில வினாடிகளில் விரிந்துவிடும். அதே அளவு நீல ஒளியைக் காட்டி அணைத்தால், அணைத்த பிறகும் அது சுருங்கியே இருக்கும். அந்த வேறுபாட்டை ஒரு கேமரா அளந்தால் மெலனாப்சின் செல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஊசி எதுவும் குத்தாமலே தெரிந்துவிடும்.

மற்ற கம்பிகள் தூக்கத்தையும் விழிப்பையும் மாற்றும் பகுதிகளுக்கும், மனநிலையோடு தொடர்புள்ள பகுதிகளுக்கும் போகின்றன. எலிகளை மூன்றரை மணி நேரம் வெளிச்சம், மூன்றரை மணி நேரம் இருட்டு என்ற விசித்திரமான சுழற்சியில் வைத்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. அவற்றின் தூக்க அளவும் உடல் கடிகாரமும் குலையவில்லை. ஆனாலும் அவை சோர்ந்தன, கற்பதில் பின்தங்கின. மெலனாப்சின் செல்கள் இல்லாத எலிகளுக்கு அது நேரவில்லை. மனிதருக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. எலி இரவு விலங்கு. என்றாலும் ஒளி மனநிலைக்குப் போகும் வழி தூக்கத்தின் ஊடாக மட்டுமல்ல என்பதை இது காட்டுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வெளிச்சம் வலியைக் கூட்டுவதிலும் இந்தச் செல்களுக்குப் பங்குண்டு. உருவம் எதையும் பார்க்க முடியாத, ஆனால் ஒளியை ஓரளவு உணரும் பார்வையற்றவர்களுக்கும் தலைவலியின்போது வெளிச்சம் வலியைக் கூட்டுவதை 2010இல் கண்டறிந்தார்கள். பார்வை நரம்பே செயலிழந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒளி எப்போது படுகிறது என்பதே முக்கியம்

ஒளி உடல் கடிகாரத்தை மாற்றுகிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எந்தத் திசையில் மாற்றுகிறது என்பது நேரத்தைப் பொறுத்தது. உடல் வெப்பம் ஒரு நாளில் மிகக் குறைவாக இருக்கும் நேரம் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு வருகிறது. இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுபவருக்கு அது அதிகாலை 5 மணி வாக்கில். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்: மறுநாள் தூக்கம் தாமதமாக வரும். அதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் படும் ஒளி முன்னுக்கு இழுக்கும்: தூக்கம் சீக்கிரம் வரும். நடுப்பகலில் படும் ஒளி முள்ளை அதிகம் அசைப்பதில்லை, ஆனால் வேறொரு நன்மை செய்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த விதி தெரியாமல் நடக்கும் தவறுக்கு நல்ல எடுத்துக்காட்டு நீண்ட விமானப் பயணம். மேலே சொன்ன அதே ஆள் கிழக்கே எட்டு மணி நேர வித்தியாசமுள்ள இடத்துக்குப் போய், உள்ளூர் நேரம் காலை 7 மணிக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை வெயில் நல்லது என்று கேள்விப்பட்டு உடனே வெளியே நடக்கிறார். அவர் உடலின் நேரமோ இரவு 11 மணி. அவர் கடிகாரத்தை எட்டு மணி நேரம் முன்னுக்கு நகர்த்த வேண்டும். அந்த நேரத்து ஒளி அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முதல் நாள் அவர் செய்ய வேண்டியது, உள்ளூர் நேரம் நண்பகல் 1 மணி வரை கறுப்புக் கண்ணாடியோ மங்கிய அறையோ, அதற்குப் பிறகு நல்ல வெளிச்சம். அடுத்தடுத்த நாட்களில் அந்த எல்லையை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவரலாம். மேற்கே போகிறவருக்குக் கணக்கு எளிது. மாலை வெளிச்சத்தில் இருந்தாலே பெரும்பாலும் போதும். கடிகாரம் இயல்பிலேயே பின்தங்கும் குணமுள்ளது என்பதால் மேற்குப் பயணம் பலருக்கு அதிகம் படுத்துவதில்லை.

எவ்வளவு ஒளி?

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகல் பல ஆயிரத்திலிருந்து 10,000 வரை. நல்ல விளக்குகள் உள்ள அலுவலக மேசை 300 முதல் 500. வீட்டுக் கூடம் இரவில் 100 அல்லது அதற்கும் கீழ். முழுநிலவு 1 லக்ஸில் கால் பங்கு வாக்கில். கூடத்துக்கும் வெயிலுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருந்தும் நமக்கு அப்படித் தெரிவதில்லை. பார்வை அமைப்பு தன்னைத் தகவமைத்துக்கொண்டு இரண்டையும் போதுமான வெளிச்சம் என்றே காட்டிவிடுகிறது. வெளிச்சத்தைப் பற்றி நம் கண் சொல்வதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லக்ஸில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அது கூம்பு செல்களின் உணர்வை அடிப்படையாகக் கொண்ட அலகு. உச்சம் 555 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில். மெலனாப்சினுக்கு அது பொருந்தாது. அதனால் 2018இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் மெலனாப்சினை மையமாக வைத்து ஒரு தர அளவையை வெளியிட்டது. அதன்படி ஒரு விளக்கின் ஒளி, பகல் ஒளி எவ்வளவு லக்ஸ் இருந்தால் மெலனாப்சினை அதே அளவு தூண்டுமோ அந்த எண்ணால் சொல்லப்படும். அதை இங்கே மெலனாப்பிக் லக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லலாம். மஞ்சள் சாய்ந்த 2,700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) எல்இடி விளக்கு 100 லக்ஸ் தந்தால் மெலனாப்பிக் கணக்கில் அது 50க்கும் கீழே. வெள்ளை நீலம் சாய்ந்த 6,500 கெல்வின் விளக்கில் குறைப்பு அந்த அளவு இருக்காது.

இரண்டாவது சிக்கல், பெரும்பாலும் லக்ஸ் மேசைப் பரப்பில் அளக்கப்படுகிறது. கண் மேசையில் இல்லை. விளக்கு கூரையில், முகம் நேரே பார்க்கிறது என்றால், மேசையில் 500 இருந்தாலும் கண்ணில் விழுவது பாதிக்கும் குறைவாகலாம். அளப்பதென்றால் அளவியைக் கண் உயரத்தில், பார்க்கும் திசையில் செங்குத்தாகப் பிடித்து அளக்க வேண்டும். கைபேசிச் செயலிகள் தரும் எண் துல்லியமல்ல. ஓர் இடத்தையும் மற்றோர் இடத்தையும் ஒப்பிட மட்டும் உதவும்.

2022இல் இத்துறை ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை மூன்று எண்களைத் தருகிறது. எல்லாம் கண்ணில் விழும் மெலனாப்பிக் லக்ஸ். பகலில் குறைந்தது 250. படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10க்கு மேல் வேண்டாம். தூங்கும் அறையில் 1க்கு மேல் வேண்டாம். இந்த எண்களைப் பார்த்தாலே பலருடைய ஒரு நாள் எவ்வளவு தலைகீழாக இருக்கிறது என்று புரியும். பகலில் சன்னலிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி 100இல் உட்கார்ந்திருக்கிறோம். இரவில் 60இல் நடமாடுகிறோம். உடலுக்கு இரண்டுக்கும் இடையே வித்தியாசமே தெரிவதில்லை. ஆளுக்கு ஆள் உணர்திறனும் மாறும். இரவில் மெலடோனினைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் ஒளி சராசரியாக 25 லக்ஸ் அளவில்தான் என்றும், மிக உணர்திறன் உள்ளவருக்கும் மிகக் குறைந்தவருக்கும் இடையே 50 மடங்கு வேறுபாடு இருக்கலாம் என்றும் 2019இல் ஓர் ஆய்வு காட்டியது.

நடைமுறையில் எங்கே தவறுகிறது?

கைபேசித் திரையின் நீல ஒளிதான் எல்லாத் தூக்கக் கேட்டுக்கும் காரணம் என்ற பேச்சு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பது எங்கள் கருத்து. 2015இல் வெளியான, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வில், ஐந்து இரவுகள், படுக்கும் முன் நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில் திரையில் படித்தவர்களின் மெலடோனின் நேரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. உண்மைதான். ஆனால் அதே ஆய்வில் தூக்கம் வர எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் ஏறத்தாழ 10 நிமிடமே. மேலும், பகலில் நிறைய வெளிச்சம் பெற்றவர்களுக்கு இரவு ஒளியின் பாதிப்பு குறைகிறது என்பதும் தெரிந்த விஷயம். நடுப்பகல் ஒளியின் நன்மை என்று முன்பு சொன்னது இதைத்தான். கையில் உள்ள சிறு திரையை விட, தலைக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கு கண்ணுக்குள் அதிக ஒளி அனுப்புவது சாதாரணம். திரையை மஞ்சளாக்கிவிட்டு அந்த விளக்கை எரியவிட்டுப் படிப்பவர் எதையும் சரிசெய்துவிடவில்லை. முதலில் கூரை விளக்கை அணைத்துவிட்டுக் கண்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு மஞ்சள் விளக்குக்கு மாறுவது, பிறகு திரையின் வெளிச்சத்தையே குறைப்பது, கடைசியாக நிறத்தை மாற்றுவது: பயன் இந்த வரிசையில்தான் கிடைக்கும்.

நீலம் தடுக்கும் மூக்குக் கண்ணாடிகளில் தெளிவான கண்ணாடி போலத் தோன்றுபவை நீல ஒளியில் பொதுவாக 10 முதல் 25 சதவீதம்தான் வடிகட்டும். அதிலும் பெரும்பகுதி 480க்குக் கீழே. மெலனாப்சினுக்கு அது பெரிய மாற்றமல்ல. உண்மையில் தடுப்பவை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். போட்டால் நீலப் பொருள் கறுப்பாகத் தெரியும். இரவுப் பணி முடிந்து காலை வெயிலில் வீடு திரும்பிப் பகலில் தூங்க வேண்டியவர்களுக்கு அவை பயன்படலாம். வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் போடக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் விழிப்புத் தரும் கொஞ்ச ஒளியையும் அது எடுத்துவிடும், நிறமும் மாறித் தெரியும்.

இரவு விளக்கு வேண்டுமென்றால் மங்கிய சிவப்பு நல்லது. பளிச்சென்ற சிவப்பு என்றால் அவ்வளவு நல்லதல்ல. மெலனாப்சின் அதை உணராவிட்டாலும் கூம்பு செல்கள் உணர்ந்து அதே கேங்லியன் செல்லுக்குச் சொல்லிவிடும்.

ஒளிச் சிகிச்சைப் பெட்டிகளில் வழக்கமான அளவு 10,000 லக்ஸ், காலையில் எழுந்ததும் 30 நிமிடம். பருவகால மனச்சோர்வுக்கு 1980களிலிருந்து இந்த முறை கையாளப்படுகிறது. இதில் வழக்கமாக நடக்கும் பிழை தூரம். அந்த 10,000 என்பது பெட்டியின் மேல் எழுதியுள்ள தூரத்தில் மட்டுமே, பெரும்பாலும் 30 செ.மீ. வாக்கில். இரண்டு மடங்கு தள்ளி உட்கார்ந்தால் கிடைப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். பெட்டியை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இது மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும் ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. வெளியே போக முடிந்தவருக்குப் பெட்டியே தேவையில்லை. மேகமூட்டத்திலும் வெளியே அரைமணி நேரம் நடந்தால் அதற்கு நெருங்கிய அளவு கிடைத்துவிடும். சூரியனை நேராகப் பார்ப்பது எந்த நேரத்திலும் கூடாது.

வயதும் நோயும்

கண்ணின் லென்ஸ் வயது ஏற ஏற மஞ்சளாகிறது. மஞ்சள் வடிகட்டுவது நீலத்தை. கண்பாவையும் சிறுத்துவிடுகிறது. ஆகவே முதியவர்களுக்கு அதே அறையில் மெலனாப்சினைச் சென்றடையும் ஒளி இளைஞருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அவர்களுடைய பகல் நேரத்தைச் சன்னலோரத்துக்கு மாற்றுவது செலவில்லாத உதவி. கண்புரை அறுவை செய்து தெளிந்த லென்ஸ் வைத்தால் இந்தத் தடை கணிசமாக விலகும். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) கேங்லியன் செல்களையே அழிப்பது; அதில் மெலனாப்சின் செல்களும் போகின்றன. அந்த நோயாளிகளின் தூக்கக் குறையைக் கவலையின் விளைவு என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. இதற்கு மாறாக, லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயில் மற்ற கேங்லியன் செல்கள் அழிந்து பார்வை போனாலும் மெலனாப்சின் செல்கள் பெருமளவு தப்பிவிடுகின்றன. அவர்களுக்குப் பார்வை இல்லை. கண்பாவை மட்டும் சுருங்குகிறது.

இதிலிருந்து பார்வையற்றவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று வருகிறது. ஒளியே உணராத பலருக்கு உடல் கடிகாரம் 24 மணி நேரத்தோடு இணையாமல் ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் நழுவிக்கொண்டே போகும். சில வாரம் இரவில் நல்ல தூக்கம், அடுத்த சில வாரம் இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம் என்று அது சுழலும். குறித்த நேரத்தில் கொடுக்கும் குறைந்த அளவு மெலடோனின் போன்ற சிகிச்சைகள் அவர்களுக்கு உண்டு. ஆனால் பார்வையற்றவர் எல்லாரும் அப்படியல்ல. கோலும் கூம்பும் மட்டும் அழிந்து, கேங்லியன் அடுக்கு பிழைத்தவர்களில் சிலருக்கு வெளிச்சம் மெலடோனினைக் குறைப்பதை 1995லேயே காட்டியிருக்கிறார்கள். மெலனாப்சின் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. எதுவுமே தெரியவில்லை என்று அவர்கள் சொல்லும் கண், உடலுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் பகல் முழுதும் இருட்டறையில் இருந்தாலோ, எப்படியும் தெரியாதே என்று எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டாலோ, இருக்கும் ஒரே கடிகார இணைப்பும் அறுந்துபோகும். வலியோ தோற்றமோ காரணமாகப் பார்வையற்ற கண்ணை அகற்றலாமா என்ற பேச்சு வரும்போது, தூக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டு, நீல ஒளிக்குக் கண்பாவை சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். எடுத்த கண்ணைத் திரும்ப வைக்க முடியாது. வைக்கும் செயற்கைக் கண்ணில் மெலனாப்சின் இல்லை.